டீக்காசுக்குப் போட்ட மாலை

பிரமநாயகம் குருசாமி மஞ்சப்பையை வாயைப் பொளந்து பிடிச்சுக்கிட்டு வரிசையோட அந்தக் கடைசில இருந்த கண்டக்டர் சாமிகிட்ட குனிஞ்சாரு பாருங்க, இங்கன பந்தக்காலு ஓரமா சம்மணம் போட்டு உக்காந்திருந்த உச்சிமாகாளி தனக்கு முன்னால இன்னும் எத்தன பேருன்னு எண்ண ஆரம்பிச்சுட்டான். மலைக்குப் போற பஸ்ஸுக்குத் துட்டு பிரிக்காரு. பஸ்ஸு, சாப்பாடு, இருமுடிச் சாமான் எல்லாஞ் சேத்து ஆளுக்கு இவ்வளவுன்னு போன வாரமே சொல்லியாச்சு, இன்னைக்கு பஜனைல வச்சு வாங்கிக்கிடுதேன்னும் சொல்லியாச்சு. சொன்ன சொல்லு மாறாத மனுசன், வாராரு. கண்டக்டர் சாமிக்கு அடுத்தாப்ல கொரியர் சாமி, அப்புறம் பழக்கடை சாமி, அதுக்கப்புறம் இந்தா பக்கத்துல முட்டு இடிக்க உக்காந்திருக்க தளவாய் சாமி, அவனுக்கு அடுத்து நம்மாளு. தளவாய் வீட்டு வாசல்ல போட்ட பந்தல்தான் இது. ரெண்டு பேருக்கும் ஒரே வெல்டிங் பட்டறைல வேலை, ஒரே கேட்டுல ஒருத்தன் இந்தப் பக்கம் பத்த வச்சா ஒருத்தன் அந்தப் பக்கம் பத்த வைப்பான். பஜனை ஜோரா போயிட்டிருக்கு. மைக்கப் பிடிச்சிருக்க ஆளு கண்ணை மூடிக்கிட்டுப் பாடுதாரு, மைக்கு அவரு தாடிக்குள்ள மாட்டிக்கிட்டு ஙொய்ங்குங்கு. டோலக்கு அடிக்க பய பாட்டுக்கு முன்னால ஓடுதான், ஜால்ராக்காரரு பாட்டுக்குப் பின்னால வாராரு, பாட்டு நடுவுல தொணைக்கு ஆளில்லாம தனியா நடந்து வருது. மாகாளி கைய மட்டும் தட்டுதான். வாய் அசையுது, சத்தம் வரல. ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிச்சுப் போயிரலாமா, போனா எவ்வளவு நேரம் போறது, ஒரு மனுசன் பஸ்ஸு போற வரைக்குமா ஒண்ணுக்குப் போவான். வயித்து வலின்னு சொல்லலாமா, சொன்னா இந்தக் கூட்டத்துல ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாவ, ஓமத்தண்ணி ஒருத்தரு, பெருங்காயம் ஒருத்தரு, கடைசில குருசாமியே வந்து வயித்துல விபூதியப் பூசி, பூசின கையோட பையையும் நீட்டுவாரு. கண்டக்டர் சாமி நோட்ட எடுத்து கண்ணுல ஒத்திப் பைல போடுதாரு. டிக்கெட்டு குடுத்தே பழகுன கை, குடுக்கும்போதும் ஒரு சொடக்குப் போட்டுத்தான் குடுக்கு.

பொம்பளையாளுக அந்தப் பக்கம் உக்காந்திருக்காவ. அங்க செவத்துல சாஞ்சு, ரெண்டு காலையும் நீட்டி, காலு மேல ஒரு துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டு இருக்கா ஆவுடை. மாகாளி பெண்டாட்டி. நீட்டாம அவளால உக்கார முடியாது, அது எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒண்ணுஞ் சொல்லுததில்ல. டவுன்ல ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேலை எடுத்துப் போடுத வேலை. காலைல போயி நின்னா ராத்திரி கடை எடுத்து வைக்க வரைக்கும் நிக்கணும். வேலைக்கு நிக்க பிள்ளைகளுக்கு ஸ்டூலு போடணும்னு சர்க்காருல சொல்லிட்டாவளாம், கடைலயும் ஸ்டூலு வாங்கிப் போட்டிருக்காவ, பொய் சொல்லக்கூடாது. அந்த ஸ்டூலு மேல சேலைக்கட்டு உக்காந்திருக்கு. ஆவுடை அதுக்குப் பக்கத்துல நிக்கா. முட்டிக்குக் கீழ நரம்பெல்லாம் நீலநீலமா முடிச்சுப் போட்டு, தொட்டா ஊருத மாதிரி கெடக்கு. பெரியாஸ்பத்திரி டாக்டரு, சின்னப் பையன், கண்ணாடிய மேல தூக்கி விட்டுக்கிட்டு, "நிக்காதீங்கம்மா, நின்னீங்கன்னா புண்ணாயிரும்" அப்பிடின்னாரு. "நிக்கதுக்குத்தான் சார் சம்பளமே தாரான்" அப்பிடின்னா இவ. டாக்டருக்குச் சிரிப்பு வந்துட்டு. மாகாளிக்கு வரல. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல தேங்காப்பாலு வாங்கிக் குடுத்தான் அவளுக்கு, அதுதான் அவங்க கடைசியா அனாவசியமா செலவழிச்சது. அதுவும் அவ பாதிதான் குடிச்சா, மீதியை இவன் குடிச்சான், அதனால அனாவசியத்துலயும் பாதிதான்.

அங்கன நின்னுதான் பேசி முடிச்சாவ. கோர்ட்டுப் பக்கத்துல மெஸ்ஸு நடத்துன ஆவுடையோட பெரியப்பா மகன் கடைய மூடிட்டு மகன்கூட ஓசூருக்குப் போறாரு, அவருகிட்ட ஒரு பெரிய கிரைண்டரு கெடக்கு, மாவை அப்பிடியே சாய்ச்சு எடுக்க மாதிரி. "பொங்கல் வரைக்கும் ஒனக்காக வச்சிருப்பேன்மா, அதுக்கு மேல பழைய சாமான்காரன் வந்தா தூக்கிக் குடுத்துருவேன், அங்க போயி நான் கல்லைக் கட்டிக்கிட்டு அழ முடியாது" அப்பிடின்னுட்டாரு அண்ணாச்சி. அந்தக் கிரைண்டரு வந்துட்டா கடைய விட்டுரலாம், வீட்டுல உக்காந்து மாவு ஆட்டி விக்கலாம். சுத்துப்பட்டுல எல்லா வீட்டுலயும் மாவு பாக்கெட்டுதான் வாங்குதாவ. சரி, பொங்கல் வரைக்கும் வாயைக் கட்டுவோம், வயித்தைக் கட்டுவோம். அரிசி, பாலு, வாடகை, கரண்டுத் துட்டு, அவ்வளவுதான் செலவு. கேபிள கட் பண்ணியாச்சு. போனுல அவளுக்கு மட்டும் டாப்பப்பு, இவன் போனு வந்தா பேசும், தானா பேசாது, மாமியா வீட்டுக்கு வந்த புது மருமகன் மாதிரி. பூக்காரி இசக்கியம்மா மூணாம் நாளே கேட்டுட்டா, "என்ன ஆவுடை, தலை மொட்டையா இருக்கு, புருசன்கூடச் சண்டையா?" இவ விடுவாளா, "சண்டையே இல்லக்கா, சண்டை போட்டாத்தான சமாதானத்துக்குப் பூ வாங்குவாரு" அப்பிடின்னா. அவ பொம்பளை, வாய் இருக்கு, வெட்டி விட்டுட்டு வந்துருவா. மிச்சம் பிடிச்ச துட்டை இட்லிக்கொப்பரைக்குள்ள வச்சிருக்கா. இட்லி அவிக்க அன்னைக்கு மட்டும் எடுத்து மடில கட்டிக்கிட்டு அவிப்பா. மாகாளிக்குத்தான் வினை. ஏன்னா மாகாளிக்கு நாக்குல ஒரு கொறை உண்டு. திக்குவாய் இல்ல. உலகத்துல உள்ள எல்லா வார்த்தையும் வரும். இல்ல, முடியாது, ரெண்டும் வராது.

கொரியர் சாமி மடியத் தடவுதாரு. எங்க வச்சோம், எங்க வச்சோம்னு தேடுதாரு, தேடட்டும், நல்லாத் தேடட்டும், வேட்டியே அவிழ்ந்து விழுத வரைக்கும் தேடட்டும். எப்பவுமே இப்பிடித்தான், வரிசை ஒண்ணு இவனப் பாத்து வந்துக்கிட்டே இருக்கும். ஆறாப்புல இன்பச்சுற்றுலாவுக்கு இப்பிடித்தான் வந்துச்சு. கணக்கு சாரு மூக்காலதான் பேசுவாரு, "ம்ம், உங்ச்சிமாங்காளி, துங்ட்டு?" இவன் எந்திரிச்சு நின்னு, "நாளைக்குக் கொண்டாரேன் சார்." மறுநாளும், "ம்ம்?" "நாளைக்கு சார்." வீட்டுல இல்ல சார்னு சொன்னா சோலி முடிஞ்சுது, அது வரணுமே வாயில. மணப்பாடு போற பஸ்ஸு கெளம்பிப் போகும்போது இவன் கேட்டுப் பக்கத்துல நின்னு டாட்டா காமிச்சான், என்னமோ இவன்தான் எல்லாரையும் செலவு பண்ணி அனுப்பி வைக்க மாதிரி. இப்ப அந்தக் கடலு ஞாபகம் வருது, பாக்காத கடலு, பாத்தவனுவ வந்து சொன்ன கடலு. ஒருத்தன் சிப்பி ஒண்ணு குடுத்தான். அது எங்க போச்சோ. அந்தப் புத்தி இன்னைக்கு வரைக்கும் மாறல. பட்டறைல சாயங்காலம் டீக்கு முறை வச்சிருக்கானுவ, இன்னைக்கு ஒருத்தன் வாங்கித் தந்தா நாளைக்கு அடுத்தவன். டீ மட்டும்னா பரவால்ல, டீயோட வடை, வடையோட, "ஏல, பஜ்ஜி சூடா வருது பாரு." எனக்கு டீ வேண்டாம்டேன்னு சொன்னாலும் விடமாட்டானுவ, "ஒனக்கு வேண்டாம்னா குடிக்காத, எங்களுக்கு வாங்கித் தாரதுக்கு என்ன கொள்ளை?" ஞாயம்தான. அப்புறம் சனிக்கிழமை சம்பளம் வாங்குனா கை வச்சுத் தோளைப் பிடிப்பானுவ, எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் சடங்கு வீடு, காது குத்து, பால்காய்ப்பு, பத்திரிகையத் தாம்பாளத்துல வெத்தலையோட வச்சுக் குடுத்துட்டுப் போனா மொய் எழுதாம எப்பிடி. நெனைக்க நெனைக்க இட்லிக்கொப்பரை காலியாயிட்டே போகுது கண்ணு முன்னால. அப்பத்தான் கார்த்திகை ஒண்ணாந்தேதி காலைல தளவாய் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமா பட்டறைக்கு வந்து நின்னான். ஒருத்தன் கேக்கல, டீ முறை ஒனக்குடேன்னு. ஒருத்தன் தோளப் பிடிக்கல. டீக்கடைக்காரரு தனி கிளாஸக் கழுவிப் போட்டுக் குடுத்துட்டு, "சாமி, துட்டு வேண்டாம்" அப்பிடின்னுட்டாரு. சடங்கு வீட்டுக்காரன் வந்தான், பாத்தான், "ஐயோ சாமி மாலைலலா இருக்கிய, நீங்க வரக்கூடாதே" அப்பிடின்னுட்டு அவனே போயிட்டான். முடி வெட்டாண்டாம், சவரம் பண்ணாண்டாம், செருப்பு வாங்காண்டாம், கறி எடுக்காண்டாம். மாகாளி வெல்டிங் கண்ணாடியக் கழட்டிட்டு அந்த மாலையவே பாத்துக்கிட்டு இருந்தான். அடடா, இது மாலை இல்ல, பூட்டுலா.

மறுநாளே பிள்ளையார் கோயில்ல போயி போட்டுக்கிட்டான். ஆவுடை பாத்தா. மேலயும் கீழயும் பாத்தா. "திடீர்னு என்ன பக்தி?" "தோணுச்சு." "தோணுச்சா, டீத்துட்டுக்குத் தோணுச்சா?" இவன் மாலைய நேரா இழுத்து விட்டுக்கிட்டான். சாமி பொய் சொல்லக்கூடாதுலா. சாயங்காலம் கறுப்பு வேட்டி ரெண்டு, நீலத்துண்டு, சூடம், பத்தி, சந்தனம் வாங்கிட்டு வந்தான். அவ எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சுப் பாத்துட்டு, "டீத்துட்டை மிச்சம் பண்ண சூடம் வாங்குத ஒரே ஆளு நீங்கதான் சாமி" அப்பிடின்னா. அன்னைலேர்ந்து அவளும் சாமிங்கா. ஆனா அவ சொல்லும்போது மட்டும் அதுல ஒரு உப்பு இருக்கும். "சாமி, குப்பை வண்டி வந்துருக்கு." "சாமி, மோட்டாரப் போடுங்க, தண்ணி வருது." பட்டறை மொதலாளி அந்தோணி அண்ணாச்சி வேற, வெறுங்காலோட வெல்டிங் அடிக்கதப் பாத்து நெஞ்சுல சிலுவை போட்டாரு. "ஏ சாமி, செருப்ப மாட்டும்வே, ஒம்ம சாமி ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு. சொன்னா எங்க ஆளுகிட்ட சொல்லி சமாதானம் பண்ணிக்கிடுவோம்." பொறி காலுல தெறிக்கும். சுர்ருங்கும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு டீன்னு மனசுல வச்சுக்கிடுவான். இந்தா ஒரு டீ. இந்தா ஒரு பஜ்ஜி. அந்தச் சுருக்குல கூட ஒரு ருசி இருந்துச்சுன்னா நம்புவியளா. எல்லாம் சரியாத்தான் போச்சு, இந்தத் தளவாய்ப் பய சும்மா இருந்திருந்தா. நட்பு முத்திப்போயி ஒரு நாள் குருசாமிகிட்ட இழுத்துட்டுப் போயிட்டான், "சாமி, நம்ம பட்டறை, கன்னிசாமி, மொத வருசம், நம்ம குழுவுல சேத்துக்கிடுங்க." குருசாமி இவன் தலைல கைய வச்சாரு. கையில சந்தன வாடை. "மொத வருசம் மலை ஏறுதவன் இருக்க எடத்துல சாமியே இருக்கும்" அப்பிடின்னாரு. பக்கத்துல நின்ன பெரிய பெரிய ஆளுவல்லாம், பேங்குல வேலை பாக்க ஆளு ஒருத்தரு, இவன் காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. கன்னிசாமின்னா அப்பிடியாம். பொறி தெறிச்ச காலு, அங்கங்க கருகிப்போன காலு. மாகாளி காலைப் பின்னால இழுத்துக்கிட்டான். மாலை போட்டா மலைக்குப் போகணும்ங்கறத இந்த மடப்பய யோசிக்கவே இல்லைங்கறது அந்த நிமிசந்தான் அவனுக்கே தெரிஞ்சுது. பூட்டு வாங்கினவன் சாவி எங்க இருக்குன்னு கேக்கல.

பழக்கடை சாமிகிட்ட வந்துட்டாரு குருசாமி. பழக்கடை சாமி பேசிக்கிட்டே குடுக்காரு, போன வருசம் பஸ்ஸுல பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போட்டுட்டு, இந்த வருசம் முன்னால போடணும், நம்ம நடுவெலும்பு ஏற்கெனவே ஒரு மாதிரி. பேசும், நல்லாப் பேசும், ஒம்ம நடுவெலும்பப் பத்தி இன்னைக்கு பூரா கேக்க நான் தயாரு. முன்னால படம். சீரியல் லைட்டு போட்ட ஐயப்பன் படம், லைட்டு அணையும்போது இருட்டா இருக்காரு, எரியும்போது இவனையே பாக்காரு. இப்ப எரியுது. பாக்காரு. என்ன மாகாளி, அப்பிடிங்காரு, திருநெல்வேலிக்காரரு மாதிரியே பேசுதாரு, மலையாளம் எங்க போச்சோ. என்னவே, டீத்துட்ட மிச்சம் பிடிக்க ஒமக்கு எம்மாலையா கெடச்சுது, ஊருல வேற ஒண்ணுங் கெடைக்கலயா. அணையுது. எரியுது. இல்ல சாமி, அவ காலு. தெரியும்வே, காலு எனக்கும் தெரியும், நானும் குத்துக்காலுபோட்டுத்தான் உக்காந்திருக்கேன். அணையுது. இந்த நேரம் பாத்து எனக்கு என்ன நெனப்பு, சாமியப் போயி, மூதி, மன்னிப்பு கேளு. கேட்டான். ஏதாவது ஆயிருமோ அவளுக்கு. நம்ம கோட்டித்தனத்துக்கு அவ காலுல வந்து விடிஞ்சிருமோ. இந்தப் பயம் ஒண்ணுதான் கொஞ்ச நாளா உள்ள கெடந்து கொடையுது. அவளுக்கும் இருக்கு, சொல்லமாட்டா. ஒரு நாள் எண்ணெய் தடவி விடும்போது, "சாமிகிட்ட வெளாட்டு வேண்டாம், போறதுன்னா நெசமாவே போயிட்டு வந்துருங்க, நான் இன்னும் ஒரு வருசம் நின்னுக்கிடுதேன்" அப்பிடின்னா. நின்னுக்கிடுதேன். அத அவ சாதாரணமா, மோட்டார அமத்திட்டேன்ங்கிற மாதிரி சொன்னா. இவன் எண்ணெயத் தடவிக்கிட்டே இருந்தான். முடிச்சு முடிச்சா கையில தட்டுது. ஒரு வருசம் எவ்வளவு சேலை. எத்தனை பேரு வந்து, இத எடு, அத எடு, இன்னொண்ணு எடு.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வாயைக் கட்டுன நாளுல ஒண்ணு நடந்துச்சு, அத யாருகிட்டயும் சொல்லல மாகாளி, சொன்னா சிரிப்பாவ. கேபிள் இல்ல, சினிமா இல்ல, பீடிய விட்டாச்சு, சாயங்காலம் செய்யதுக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு லீவு உள்ள அன்னைக்கு ஆத்துப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவான். காலு வலிக்குமேன்னு சைக்கிளுல வச்சு மிதிச்சுக்கிட்டு. அங்க படிக்கட்டுல உக்காந்து தண்ணிக்குள்ள அவ காலை விட்டுக்கிடுவா, மீனு வந்து கடிக்கும், "ஏ சாமி, இதுகளுக்கும் விரதம் கெடையாது போல" அப்பிடிம்பா. அப்புறம் கடைக்கு வாரவங்க மாதிரி பேசிக் காமிப்பா. ஒரு அம்மா வருவாளாம், "மயில்கழுத்துக் கலரு வேணும், ஆனா மயிலு மாதிரி இருக்கக்கூடாது, கழுத்து மாதிரி இருக்கணும்." ஒரு மாப்பிள்ளைப் பையன் வருவானாம், விலைச்சீட்ட மட்டும் தொட்டுப் பாத்துட்டு, "இந்தத் துணி சரியில்லையே" அப்பிடிம்பானாம். மாகாளிக்குச் சிரிச்சுச் சிரிச்சு விலா வலி எடுக்கும். கலியாணமாயி இத்தன வருசத்துல இவளுக்கு இவ்வளவு பேச்சு இருக்கும்னே தெரியாது, டிவி விடல. காலைல பச்சத்தண்ணில குளிச்சு, நெத்தில சந்தனம் வச்சா, நாளு பூரா ஒரு குளுமை இருக்கு. இருமல் போயிட்டு. பஸ்ஸுல ஏறுனா ஒருத்தன் எந்திரிச்சு எடம் குடுக்கான், "உக்காருங்க சாமி." இவன, உச்சிமாகாளிய, பிறந்ததுலேருந்து ஏலன்னு மட்டும் கேட்ட ஆளை, வாங்க சாமி, உக்காருங்க சாமி. மொதல்ல கூச்சமா இருந்துச்சு, அப்புறம் சாமிக்கு ஏத்த மாதிரி நடக்கணுமேன்னு ஒரு இது. கோவம் வந்தா அடக்கிக்கிடுதான். யாரும் பாக்காதப்பவும் அடக்கிக்கிடுதான், அதுதான் அதிசயம். வேசம் கட்டினவன் வேசத்துக்குள்ளயே குடியேறிட்டான், வாடகை இல்லாம. இதுல எது பொய், எது நெசம், எங்க பிரிக்க. மாலை பொய்யின்னா இந்தக் குளுமை எப்பிடி வந்துச்சு.

பாட்டு முடிஞ்சுது. சரியா அந்த நேரம் பாத்து முடிஞ்சுது. தளவாய் முன்னமே மடிச்சு வச்சிருந்த நோட்டப் பைல போட்டுட்டு இவனப் பாத்து இளிக்கான். குருசாமி ஒரு எட்டு வச்சாரு. இப்ப அவரு முட்டும் இவன் மொகமும் நேருக்கு நேரு. மஞ்சப்பை வாயத் தொறந்துக்கிட்டு நிக்கு.

"சாமி."

மாகாளி நிமிந்து பாத்தான். நாளைக்குத் தாரேன், அதுதான் தொண்டைக்குழில மொதல்ல வந்து நின்னுது, ஆறாப்புலேருந்து அங்கயே குடியிருக்க வார்த்தை. அத அமுக்கி முழுங்கினான். குருசாமி இவன் மொகத்தப் பாத்தாரு, எத்தனையோ வருசமா இப்பிடிப் பைய நீட்டுத ஆளு, மொகத்தப் பாத்தா தெரியாதா. இன்னும் குனிஞ்சாரு. காதுக்குள்ள சொன்னாரு.

"துட்டு முடையா இருந்தா சொல்லுங்க சாமி, கூச்சப்படாதீங்க. கன்னிசாமிய விட்டுட்டுப் போகமாட்டோம். நாங்க நாலு பேரு சேந்து போட்டுக்கிடுதோம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

தளவாய் விலாவுல குத்துதான். "சரின்னு சொல்லும்வே."

அம்மாடி. இது எந்த ஊரு ஞாயம்னு கேளுங்க. பிறந்ததுலேருந்து வராத அந்த இல்லங்கற வார்த்தை இப்ப நாக்கு நுனில வந்து காலு மேல காலு போட்டு உக்காந்திருக்கு, வெளிய விடு, வெளிய விடுங்கு. சொன்னா போதும். இல்ல சாமி. முடிஞ்சுது. ஓசில மலை, ஓசில சாப்பாடு, கொப்பரைல உள்ளது கொப்பரைல, சாமியும் சந்தோசம், அவளுக்கும் பயம் தீரும், வந்த கையோட கிரைண்டரு. நாலு நாள் கூலி போகும், போகட்டும். எல்லாஞ் சரியா இருக்கு, ஒண்ணே ஒண்ணு, துட்டு இருக்கு. கொப்பரைல இருக்கு. நாலு பேரு போடுவாவளாம், எந்த நாலு பேரு, இந்தக் கொரியர் சாமியா, வெயில்ல பெட்டி தூக்கிட்டுப் படி ஏறுத ஆளு, இப்பத்தான் மடியத் தடவித் தடவி எடுத்துக் குடுத்தாரு. அவரு தந்து நான் போறதா. லைட்டு எரியுதா அணையுதான்னு பாக்கல மாகாளி. அங்க பாத்தான், செவத்தோரமா. ஆவுடை இவனத்தான் பாக்கா. துண்டுக்கு அடில கால் பெருவிரலை மடக்கி மடக்கி விரிக்கா, கால் மரத்துப்போனா அப்பிடித்தான் செய்வா. ஒரு வருசம் நின்னுக்கிடுதேன். அவ நின்னுக்கிடுவா. சொன்னா செய்யக்கூடியவ. அதுதான் பயமே.

"துட்டு இருக்கு சாமி," அப்பிடின்னான்.

மெதுவாத்தான் சொல்லணும்னு நெனச்சான். பாட்டு முடிஞ்ச பந்தலு, குண்டூசி விழுந்தாலும் கேக்கும், கணீர்னு விழுந்துட்டு. டோலக்குக்காரன் திரும்பிப் பாக்கான்.

"இருக்கு, ஆனா தரமுடியாது. கிரைண்டரு வாங்கணும். அவ காலு முடியல, கடைய விட்டு நிப்பாட்டணும். மாலை நான் போட்டது... டீ வாங்கிக் குடுக்க முடியலன்னுதான் போட்டேன் சாமி. இப்ப அப்பிடி இல்ல. விரதத்த விடமாட்டேன், முடியுத வரைக்கும் இருந்துட்டு நம்ம ஊரு கோயில்லயே எறக்கிக்கிடுதேன். மலைக்கு இப்ப வரல."

முடியாதுன்னுட்டான். வரலன்னுட்டான். வானம் இடியல. பந்தலு விழல. தளவாய் வாயத் தொறந்தது தொறந்தபடி இருக்கான், "டீக்காகவாவே போட்டீரு?" அப்பிடிங்கான், வேற ஒண்ணும் அவன் மண்டைக்குள்ள ஏறல. குருசாமி நிமிந்தாரு. இடுப்புல கைய வச்சாரு. தாடியச் சொறிஞ்சாரு. இவன் மொகத்தப் பாத்தாரு, அந்தப் பக்கம் ஆவுடை காலப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு. மாகாளி நிமிந்து உக்காந்தான். திட்டட்டும். மாலையக் கழட்டுன்னு சொல்லட்டும். என்ன சொன்னாலும் சரி, சொல்லியாச்சு.

"என்ன கிரைண்டரு?" அப்பிடின்னாரு குருசாமி.

"சாய்க்க மாதிரி சாமி. பெருசு."

"புதுசா?"

"மெஸ்ஸுல ஓடுனது."

"அப்பம் கல்லு தேஞ்சிருக்கும்வே. கொத்தி வாங்கும். கொத்தாம எடுத்துட்டு வந்தீருன்னா உளுந்து பொங்காது, சொல்லிட்டேன். பெல்ட்டையும் இழுத்துப் பாத்துக்கிடும்."

அவ்வளவுதான். மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த சாமிகிட்ட போயிட்டாரு. அடுத்த சாமி துட்ட எடுக்காரு. உலகம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. மாகாளி தன் நெஞ்சத் தொட்டுப் பாத்தான், மாலை அங்கதான் இருக்கு, முன்னைவிட லேசா இருக்கா கனமா இருக்கான்னு தெரியல, சூடா இருக்கு, உடம்புச் சூடு. இதுக்குப்போயா இத்தன வருசம். ரெண்டு வார்த்தை. வாயத் தொறந்தா வருது. எத்தன பஜ்ஜி, எத்தன மொய்யி, எத்தன சனிக்கிழமை. சிரிப்பு முட்டிக்கிட்டு வருது அவனுக்கு, சாமி சிரிக்கலாமா, சிரிச்சா என்ன, சிரிச்சுட்டான். தளவாயும் சிரிக்கான், ஏன்னு தெரியாமலே.

பொம்பளையாளுக பக்கம் சலசலன்னு பேச்சு கெளம்பிட்டு. கிரைண்டராம், மாவாம், யாரு, ஆவுடையா. கண்டக்டர் சாமி பெண்டாட்டி, நல்ல கனத்த சாரீரம், அங்கேருந்தே கேட்டா, "ஏ ஆவுடை, மாவு போடப்போறியாமே, சொல்லவே இல்ல? எங்க தெரு வரைக்கும் கொண்டாந்து தருவியா?"

ஆவுடை துண்டை எடுத்து மடிச்சுப் பக்கத்துல வச்சா. மறைக்காம காலை நல்லா நீட்டிக்கிட்டா.

"கொண்டாந்துலாம் தரமாட்டேன் மயினி. நீங்கதான் வந்து வாங்கணும். நான் உக்காந்துதான் விப்பேன்."